இருபது ராணிகள், எட்டு நாள்: தேனீ இறக்குமதியில் நான் பட்ட பாடு

தேனீ வளர்ப்பில் எனக்கு இது ஒன்பதாவது வருஷம். 32 பெட்டிகள் வைத்திருக்கிறேன், எல்லாம் இத்தாலியத் தேனீ என்று நாம் சொல்லும் மெல்லிஃபெரா. போன வருஷம் வெளிநாட்டிலிருந்து 20 ராணிகளை வரவழைத்தேன். அதில் ஒரு பருவத் தேன் வருமானத்தில் பாதிக்கும் மேல் போனது, பன்னிரண்டு நல்ல தேனீக் கூட்டங்கள் குலைந்தன, மூன்று மாதம் நிம்மதியாகத் தூங்கவில்லை. அதே சமயத்தில்தான் எங்கள் வளர்ப்பாளர் கூட்டங்களில் இறக்குமதி விதிகளை மாற்ற வேண்டுமா என்ற விவாதம் சூடு பிடித்திருந்தது. ஒரு பக்கம் முழுத் தடை கேட்டார்கள், இன்னொரு பக்கம் கதவைத் திறந்து விடுங்கள் என்றார்கள். பேசியவர்களில் ஒரு ராணியையாவது சட்டப்படி வரவழைத்துப் பார்த்தவர் அநேகமாக யாரும் இல்லை. வரவழைத்தவன் நான், வாயைத் திறக்கவே வெட்கப்பட்டுப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அப்போது பேசாததை இப்போது எழுதுகிறேன்.

ஏன் வாங்கினேன் என்பதிலிருந்து தொடங்குகிறேன். ராணியை மாற்றினால் கூட்டத்தின் குணமும் மாறும். என் கூட்டங்கள் கொட்டும் குணம் உள்ளவை. பூக்காலம் தொடங்கும் முன்பே பிரிந்து பறந்துவிடும். இரண்டு வருஷமாக வரோவா உண்ணியால் இழப்பு வேறு. உள்ளூரில் ராணி வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள், ஆனால் அவர்களிடம் ராணி தயாராவது பூக்காலம் பாதி முடிந்த பிறகுதான். எனக்குப் பூக்காலத்தின் முதல் வாரத்திலேயே வேண்டும். வெப்பமான இடங்களில் ராணி வளர்ப்பவர்களால் மாதக்கணக்கில் முன்னதாகவே தர முடியும். உலகம் முழுக்க ராணி வணிகம் ஓடுவதற்கு இதுதான் முக்கியக் காரணம். பேராசையால் மட்டும் யாரும் வரவழைப்பதில்லை. முழுத் தடை கேட்கிறவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

ஒரு விற்பனையாளரைப் பிடித்தேன். சாந்தமான இனம், சுத்தம் பேணும் குணம், உண்ணி உள்ள புழுவைத் தானே கண்டுபிடித்து வெளியே இழுத்துப் போடும் என்றெல்லாம் சொன்னார். அதில் பொய் இல்லை, அந்தக் குணத்துக்காகவே தேர்ந்தெடுத்து வளர்க்கும் இனங்கள் உண்டு. "எல்லா நாட்டுக்கும் அனுப்புகிறோம், காகிதமெல்லாம் நாங்களே பார்த்துக்கொள்கிறோம்" என்றார். நான் முழுத் தொகையையும் முன்பணமாகக் கட்டினேன். அதுதான் என் முதல் தவறு. அவருக்குத் தெரிந்தது அவர் நாட்டிலிருந்து வெளியே அனுப்பும் விதி. என் நாட்டுக்குள் நுழைய என்ன வேண்டும் என்பதை அவர் எந்தக் காலத்திலோ ஒருமுறை பார்த்ததோடு சரி. தேனீயும் ஆடு மாடு போலக் கால்நடைச் சுகாதார விதிக்குள் வரும் உயிர். இறக்குமதி அனுமதி, அனுப்பும் நாட்டு அரசு மருத்துவரின் சுகாதாரச் சான்று, சரக்கு எந்த நாள் எந்த வாயிலில் இறங்கும் என்ற முன்னறிவிப்பு என்று மூன்று தனித்தனிக் காகிதங்கள் எனக்குத் தேவைப்பட்டன. பணம் கட்டும் முன் உங்கள் நாட்டுக் கால்நடைத் துறையிடம் போய், நடப்பில் இருக்கும் சான்றுப் படிவத்தின் நகலை வாங்குங்கள். அதை விற்பவருக்கு அனுப்பி, "இந்தப் படிவத்தில், இதே வாசகத்தில் உங்கள் மருத்துவர் கையெழுத்துப் போடுவாரா?" என்று எழுத்தில் கேளுங்கள். நான் பணம் கட்டி ஐந்து வாரம் கழித்துத்தான் அந்தப் படிவத்தை முதன்முதலாகக் கண்ணால் பார்த்தேன்.

அந்தப் படிவத்தில் என்னதான் இருக்கும் என்று கேட்பீர்கள். உலக விலங்கு சுகாதார அமைப்பு தேனீக்களுக்கு என்று ஆறு நோய்களையும் பூச்சிகளையும் பட்டியலிட்டிருக்கிறது. அமெரிக்கப் புழு அழுகல், ஐரோப்பியப் புழு அழுகல், மூச்சுக்குழாய் உண்ணி, வரோவா, டிரோபிலேலாப்ஸ் உண்ணி, சிறு கூட்டு வண்டு. பெரும்பாலான நாடுகளின் சான்றுகள் இவற்றைச் சுற்றித்தான் எழுதப்பட்டிருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தை எடுத்துக்கொண்டால், வெளியிலிருந்து வரும் ராணி ஒவ்வொன்றும் தனிக் கூண்டில் இருக்க வேண்டும், துணைக்கு 20 பணித் தேனீக்களுக்கு மேல் கூடாது. புறப்படும் இடத்தைச் சுற்றி 100 கிலோமீட்டருக்குள் வண்டுக்கோ டிரோபிலேலாப்ஸுக்கோ கட்டுப்பாடு எதுவும் நடப்பில் இருக்கக் கூடாது. என் சரக்கு மாட்டிக்கொண்டதும் இதே மாதிரி ஒரு வரியில்தான். மருத்துவர் "இந்தப் பண்ணையில் நோய் இல்லை" என்று எழுதியிருந்தார். சுற்றுவட்டாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

செவ்வாய்க்கிழமை ராணிகள் புறப்பட்டன, வியாழன் மாலை வந்து இறங்கின. இறங்கிவிட்டது என்ற செய்தி வந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் கையில் வந்துவிடும் என்ற நம்பிக்கையில் அன்று மாலையே 12 பெட்டிகளைத் திறந்து பழைய ராணிகளைத் தேடி எடுத்து நசுக்கிவிட்டேன். புது ராணியை ஏற்க வேண்டுமானால் கூட்டத்துக்குத் தன் ராணி போய்விட்டது தெரிய வேண்டும், அதற்கு ஒரு நாளாவது இடைவெளி வேண்டும் என்று படித்திருந்தேன். படித்ததில் தவறில்லை. ஆனால் ராணி கையில் இல்லாதபோது அதைச் செய்தேனே, அதை நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது. கொட்டினாலும் பிரிந்து ஓடினாலும் அவை நன்றாக முட்டையிட்டுக்கொண்டிருந்த ராணிகள்.

வெள்ளிக்கிழமை மதியம் எல்லைச் சோதனைச் சாவடியிலிருந்து அழைப்பு வந்தது. சான்றில் ஒரு வரி இல்லை, திருத்திய சான்று வந்தால்தான் விடுவோம், இல்லையென்றால் திருப்பி அனுப்பவோ அழிக்கவோ வேண்டியிருக்கும் என்றார் அதிகாரி. பேசியவர் மரியாதையான மனிதர். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. "உயிர் சார், கொஞ்சம் பாருங்கள்" என்றேன். "எனக்கும் தெரியும் சார், ஆனால் நான் கையெழுத்துப் போட முடியாது" என்றார். விற்பனையாளரை அழைத்தால் அவர் நாட்டில் அலுவலக நேரம் முடிந்துவிட்டது. சனி ஞாயிறு இரண்டு பக்கமும் விடுமுறை. திங்கள் இரவு திருத்திய சான்று வந்தது, செவ்வாய் விடுவித்தார்கள், புதன் நண்பகல் பெட்டி என் கைக்கு வந்தது. புறப்பட்டதிலிருந்து எட்டு நாள்.

ராணிக் கூண்டு கைக்கட்டைவிரல் அளவுதான் இருக்கும். ஒரு முனையில் சர்க்கரைப் பொடியும் பாகும் பிசைந்த கண்டி அடைத்திருக்கும், துணைத் தேனீக்கள் அதைத் தின்று ராணிக்கு ஊட்டும். ஒரு வாரம் போலத் தாங்கும். ஆனால் தண்ணீர் இல்லை. துணைத் தேனீக்கள் செத்துக்கொண்டே வந்தால் ராணிக்கு ஊட்ட ஆள் குறையும். இதைவிடப் பெரிய ஆபத்து வெப்பம். ராணி வாழ்நாளில் சில நாள் மட்டுமே வெளியே பறந்து இணை சேர்ந்து, அந்த விந்தணுக்களைத் தன் உடலுக்குள் ஒரு பையில் வருஷக்கணக்கில் சேமித்து வைத்திருக்கும். கிடங்கிலோ வண்டியிலோ சூடு 40 டிகிரியைத் தாண்டினாலும், குளிர்பதன அறையில் வைத்துவிட்டாலும், ஓரிரு மணி நேரத்திலேயே விந்தணுக்களில் பெரும்பகுதி செத்துவிடலாம். ராணி நன்றாக நடமாடும், பார்த்தால் தெரியவே தெரியாது. பிறகு ஆண் தேனீக்களாக மட்டும் பெற்றுத் தள்ளும். வாங்குகிறவர்கள் விற்பவரிடம் ஒரு சின்ன வெப்பப் பதிவுக் கருவியைப் பொதிக்குள் வைத்து அனுப்பச் சொல்லுங்கள். செலவு ஒரு ராணியின் விலைகூட இராது. பின்னால் வெப்பத்தால் கெட்டதற்கு இழப்பீடு கேட்கும்போது உங்கள் கையில் இருக்கும் ஒரே ஆதாரம் அதுதான். என்னிடம் இல்லை. திங்கள் அல்லது செவ்வாய் இறங்கும்படி பயணத்தைத் திட்டமிடுங்கள், வாரக்கடைசிக்கு முன்னால் ஒருபோதும் வேண்டாம்.

பொதியைத் திறந்தேன். ஆறு ராணிகள் செத்திருந்தன. பதினான்கு உயிரோடு இருந்தன, அவற்றிலும் சில கூண்டுகளில் துணைக்கு இரண்டு மூன்று தேனீக்கள்தான் மிச்சம். இனி செய்ய வேண்டிய ஒரு வேலையைப் பற்றி என்னிடம் யாருமே சொல்லவில்லை, அனுமதிக் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில்தான் இருந்தது. வந்த கூண்டோடு ராணியைப் பெட்டியில் வைக்கக் கூடாது. ராணியை மட்டும் புதுக் கூண்டுக்கு மாற்றி, நம் கூட்டத்து இளம் தேனீக்களைத் துணைக்குச் சேர்க்க வேண்டும். வந்த கூண்டு, துணைத் தேனீக்கள், பொதிப் பொருள் எல்லாவற்றையும் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கே உருப்பெருக்கியில் வண்டின் முட்டை, புழு, டிரோபிலேலாப்ஸ் உண்ணி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஐரோப்பிய நாடுகளிலும் பிரிட்டனிலும் இது சட்டம். வண்டு தன் முட்டைகளை மிகச் சின்ன இடுக்குகளில் இடும் என்பதால் காலிக் கூண்டைக்கூட வீசி எறியக் கூடாது.

சோர்ந்துபோன எட்டு நாள் ராணிகளை மறுபடி கையில் பிடித்து மாற்றுவது எனக்கு அப்போது கொடுமையாகத் தோன்றியது. ஏற்கெனவே ராணியில்லாமல் ஆறு நாளாக 12 பெட்டிகள் இரைந்துகொண்டிருந்தன. "யார் பார்க்கப் போகிறார்கள்" என்ற எண்ணம் வந்தது, மறைக்க விரும்பவில்லை. அரை மணி நேரம் அந்தக் கூண்டுகளை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு செய்தேன். செய்யும்போது ஒரு ராணி கை தவறிப் பறந்து போய்விட்டது, ஏனென்றால் நான் வெளியே மரத்தடியில் உட்கார்ந்து மாற்றினேன். மூடிய அறைக்குள், ஒரே ஒரு ஜன்னல் பக்கம் வெளிச்சம் இருக்கும்படி வைத்துச் செய்ய வேண்டும். பறந்தாலும் நேராக ஜன்னல் கண்ணாடிக்குத்தான் போகும், அங்கே எடுத்துவிடலாம். இன்னும் எளிது, பெரிய கண்ணாடித்தாள் பைக்குள் கூண்டையும் கைகளையும் விட்டு மாற்றுவது. மிச்சம் பதின்மூன்று.

அந்த ஆறு நாளில் ராணியற்ற பெட்டிகளில் என்ன நடந்திருக்கும் என்பது வளர்ப்பவர்களுக்குத் தெரியும். இளம் புழுக்களைத் தேர்ந்தெடுத்து அவசர ராணி அறைகள் கட்டி, அநேகமாக எல்லாவற்றையும் மூடியும் முடித்திருந்தன. அடை கட்டியிருக்கும் ஒவ்வொரு மரச்சட்டமாக உதறி, அறைகளைத் தேடித் தேடி உடைத்தேன். அடையின் ஓரத்தில், மகரந்தத்துக்கு அடியில் மறைந்திருந்த சிலவற்றைத் தவறவிட்டிருக்கிறேன். பன்னிரண்டு பெட்டிகளிலும் புது ராணிகளைக் கூண்டோடு வைத்தேன். பதின்மூன்றாவது ராணிக்குப் பெட்டி இல்லை. அதனால் இரண்டு சட்டம் புழு அடையையும் அதிலிருந்த இளம் தேனீக்களையும் எடுத்து ஒரு சின்னப் பெட்டியில் போட்டு அதற்குள் வைத்தேன். வேறு வழியில்லாமல் செய்தது அது.

பன்னிரண்டு பெட்டிகளில் ஐந்து, புது ராணியைக் கொன்றுவிட்டன. இரண்டில் ராணியைப் பந்தாகச் சூழ்ந்து சூடேற்றிக் கொன்றதை நானே பார்த்தேன், மற்ற மூன்றில் நான் தவறவிட்ட அறையிலிருந்து வெளிவந்த கன்னி ராணியின் வேலையாக இருக்க வேண்டும். சின்னப் பெட்டிக்குப் போன ராணி மூன்றாம் நாளே முட்டை இட ஆரம்பித்தது. இப்போது கேட்டால் சொல்வேன், நீண்ட பயணம் செய்த ராணியை நேராகப் பெரிய கூட்டத்தில் வைக்கவே வைக்காதீர்கள். எட்டு நாள் முட்டையிடாமல் இருந்த ராணியின் உடல் சுருங்கி, அதன் வாசனையும் குறைந்திருக்கும். வயதான வெளிப்பணித் தேனீக்கள் அதை ராணியாக மதிக்காது. இளம் தேனீக்கள் மட்டும் உள்ள சின்னப் பெட்டியில் வைத்து, முட்டையிட்டு, அடுத்த தலைமுறை வெளிவரும்வரை காத்திருந்து, அப்புறம் பெரிய கூட்டத்தோடு சேருங்கள். பெரிய கூட்டத்தின் பழைய ராணி அதுவரை தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். இதை மட்டும் முதலிலேயே செய்திருந்தால், சரக்கு முழுதும் செத்திருந்தாலும் நான் இழந்தது ராணி வாங்கிய பணத்தோடு நின்றிருக்கும். தேன் போயிருக்காது.

மிச்சம் எட்டு ராணிகள். அவற்றில் இரண்டு, நான் பயந்தபடியே, ஆண் தேனீ முட்டைகள் மட்டுமே இட்டன. அடை முழுக்கத் துப்பாக்கிக் குண்டு மாதிரி மேடு மேடாக மூடிகள். ஆறு ராணிகள் தேறின. பருவம் முடியும் முன் மூன்று கூட்டங்கள் தாங்களாகவே அந்த ராணியை மாற்றிவிட்டன. ஆக 20 வாங்கி, பருவக் கடைசியில் கையில் நின்றவை மூன்று. ராணியை இழந்த ஐந்து பெட்டிகளில் இரண்டு தாமே ராணி வளர்த்துக்கொண்டன, மூன்றைப் பக்கத்துக் கூட்டங்களோடு இணைத்தேன். அந்தப் பன்னிரண்டு பெட்டிகளில் பூக்காலத்துத் தேன் அநேகமாக இல்லை.

குணம் எப்படி என்று எல்லோரும் கேட்கிறார்கள். கடைசிவரை நின்ற மூன்றும் உண்மையாகவே சாந்தம், முகவலை இல்லாமல் திறக்கலாம். ஆனால் ராணி மாறிய பெட்டிகளைப் பாருங்கள். வந்த ராணியின் மகள்கள் இங்கே உள்ள ஆண் தேனீக்களோடு இணை சேர்ந்தவை, அந்தக் கூட்டங்கள் என் பழைய தேனீக்களைவிட மோசமாகக் கொட்டுகின்றன. வெவ்வேறு வட்டார இனங்கள் கலக்கும்போது இப்படி நேர்வதைப் பல வளர்ப்பாளர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன், என் பெட்டியில் பார்த்த பிறகுதான் புரிந்தது. ராணி வாங்கியவன் நான், ஆனால் என் ஆண் தேனீக்கள் பறக்கும் தூரத்தில் இருக்கும் எல்லா வளர்ப்பாளர்களின் கூட்டங்களுக்குள்ளும் அந்த ரத்தம் போகும். அவர்களில் யாரையும் நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆய்வக முடிவு ஒரு மாதம் கழித்து வந்தது: வண்டு இல்லை, டிரோபிலேலாப்ஸ் இல்லை. நிம்மதியாக இருந்தது. கூடவே ஒரு கேள்வியும் வந்தது. அவர்கள் தேடியது அந்த இரண்டைத்தான். வைரஸ்களைத் தேடவில்லை, நோசீமா என்ற குடல் நோயைத் தேடவில்லை. "சோதனையில் தேறியது" என்றால் "நோயில்லை" என்று அர்த்தமில்லை, தேடியவை இல்லை என்றுதான் அர்த்தம். நான் வந்த ராணிப் பெட்டிகளை மற்றவற்றோடு ஒரே வரிசையில் வைத்திருந்தேன், அடைச் சட்டங்களை மாற்றி மாற்றிப் போட்டேன். தனி இடத்தில், பெட்டி திறக்கத் தனி உளியோடு, ஒரு பருவமாவது ஒதுக்கி வைத்திருக்க வேண்டும். எந்த விதியும் என்னை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும் என்பது என் கருத்து.

இந்த இடத்தில் விதி விவாதத்துக்கு வருகிறேன். தடை கேட்கிறவர்கள் வரலாற்றைச் சொல்வார்கள், அந்த வரலாறு உண்மை. வரோவா முதலில் ஆசியாவின் செரானா தேனீயின் உண்ணி. அந்தத் தேனீ அதோடு வாழப் பழகியது, உண்ணி ஆண் புழு அறைகளில் மட்டுமே பெருகும். மனிதர்கள் மெல்லிஃபெராவைக் கிழக்கே கொண்டுபோய் அதன் பக்கத்தில் வைத்தார்கள், உண்ணி தாவியது, பிறகு பெட்டிகளோடு மேற்கே பயணப்பட்டது. 1987இல் அமெரிக்கா, 1992இல் பிரிட்டன், 2000இல் நியூசிலாந்து. கடைசிவரை தப்பியிருந்த ஆஸ்திரேலியாவில் 2022 ஜூனில் நியூகாசில் துறைமுகத்தில் கண்காணிப்புக்காக வைத்திருந்த தேனீப் பெட்டிகளில் கண்டுபிடித்தார்கள். ஆயிரக்கணக்கான பெட்டிகளை அழித்துப் பார்த்தும் முடியாமல், 2023 செப்டம்பரில் ஒழிக்கும் முயற்சியைக் கைவிட்டார்கள். பிரேசிலில் 1956இல் ஆராய்ச்சிக்காகக் கொண்டுவந்த ஆப்பிரிக்க ராணிகளின் 26 கூட்டங்கள் அடுத்த வருஷம் தப்பின. அவற்றின் வாரிசுகள் 1990இல் டெக்சாஸ் வந்து சேர்ந்தன. ஒருமுறை உள்ளே வந்து பரவிவிட்டதைத் திரும்ப வெளியே அனுப்புவது மிகக் கடினம்.

இருந்தாலும் முழுத் தடைக்கு நான் கை தூக்க மாட்டேன். காரணம் என் அனுபவத்திலேயே இருக்கிறது. அந்த வெள்ளிக்கிழமை இரவு தெரிந்தவர் ஒருவர் சொன்னார்: "தம்பி, இவ்வளவு கஷ்டம் எதுக்கு? அடுத்த தடவை என்கிட்ட சொல்லு, சட்டைப் பையிலேயே ரெண்டு கூண்டு கொண்டுவந்து தர்றேன்." அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கூண்டு உண்மையாகவே சட்டைப் பைக்குள் அடங்கும். எளிதில் யார் கண்ணிலும் படாது. அப்படி வரும் ராணிக்கு மருத்துவர் இல்லை, கூண்டு மாற்றுவதில்லை, ஆய்வகமில்லை. சட்டவழி எட்டு நாள் எடுத்து ராணியைக் கொல்லும் என்றால், பை வழியில் போகிறவர்கள் கூடுவார்கள். எனக்கே அன்றிரவு அந்தப் பேச்சு நியாயமாகப் பட்டது.

என் பார்வையில் கோடு போட வேண்டிய இடம் ராணிக்கும் கூட்டத்துக்கும் நடுவில். கூண்டுக்கு ஒரு ராணி, 20 துணை என்றால் ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்துவிடலாம். அடை இல்லாமல் தேனீக்களை மட்டும் அடைத்து விற்கும் ஒன்றரைக் கிலோ தேனீப் பொதியில் பத்தாயிரம் தேனீக்கள் இருக்கும், அதை யார் எண்ணிப் பார்ப்பது? புழு அடையோடு வந்தால் இன்னும் மோசம். டிரோபிலேலாப்ஸ் புழு இல்லாமல் சில நாள்தான் தாங்கும், புழுவைக் கூடவே அனுப்புவது அதற்குச் சாப்பாடு கட்டிக் கொடுப்பது போல. அமெரிக்கப் புழு அழுகலின் வித்துகள் பழைய அடையிலும் பெட்டியிலும் பல பத்தாண்டு உயிரோடு கிடக்கும், ஆகவே பயன்படுத்திய பெட்டியும் அடையும் எந்த விலைக்கும் வேண்டாம். கனடா 1987இல் அமெரிக்கத் தேனீக்களுக்கு எல்லையை மூடியது. பின்னால் ராணிகளை மட்டும் அனுமதித்தது, பொதிகளை இன்றுவரை விடவில்லை. குளிர்காலத்தில் கூட்டங்களை இழக்கும் பெரிய வளர்ப்பாளர்கள் பொதி வேண்டும் என்று அங்கே இன்னமும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் வேதனை புரிகிறது, ஆனால் இந்த விஷயத்தில் நான் எல்லையை மூடியவர்கள் பக்கம். பிரிட்டனும் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகிய பின் அங்கிருந்து ராணிகளை மட்டுமே ஏற்கிறது. 2021இல் ஒருவர் ஒன்றரைக் கோடி தேனீக்களை வட அயர்லாந்து வழியாகக் கொண்டுவர முயன்று பெரிய சர்ச்சையானது. ராணிக்கு ஒரு விதி, கூட்டத்துக்கு ஒரு விதி என்று வைத்தால் இப்படி ஓட்டைகளையும் சேர்த்தே அடைக்க வேண்டும்.

விதிகளைப் பற்றிய கருத்துக் கேட்பு முடியும் முன் நானும் என் பங்குக்கு எழுதிக் கொடுத்தேன். ராணி மட்டும், கூண்டு மாற்றம் கட்டாயம், ஒரு பருவம் தனி இடம். உயிருள்ள சரக்கின் சான்றை அது கிளம்பும் முன்பே நகலாகப் பார்த்துப் பிழை சொல்ல ஓர் அலுவலர் வேண்டும், என் ஒரு வரிப் பிழை அப்போதே தெரிந்திருந்தால் பன்னிரண்டு கூட்டங்கள் குலைந்திருக்காது. இறக்குமதிக் கட்டணத்தில் ஒரு பகுதியை உள்ளூர் ராணி வளர்ப்புக்குத் தர வேண்டும். கடைசியாகச் சொன்னதுதான் எனக்கு முக்கியம். ராணி முட்டையிலிருந்து 16 நாளில் வெளிவரும், இணை சேர்ந்து முட்டையிட நாலு வாரம் போலக் கணக்கு வைக்கலாம். இந்த வருஷம் என் 32இல் சாந்தமான, உண்ணி குறைந்த இரண்டு பெட்டிகளைத் தேர்ந்தெடுத்து அவற்றின் புழுக்களிலிருந்து ராணி வளர்த்தேன். 18 அறைகளில் 11 ராணிகள் தேறின. அவற்றைச் சின்னப் பெட்டிகளில் வளர்த்து அடுத்த பூக்காலத்தின் முதல் வாரத்துக்கென்று வைத்திருக்கிறேன், முந்தைய பருவக் கடைசியில் வளர்த்தால் அந்த அவசரம் வராது. அந்த யோசனை எனக்கு முன்பே வந்திருக்கலாம்.

விற்பனையாளரோடு கணக்கு இன்னும் தீரவில்லை. செத்து வந்த ஆறு ராணிகளுக்குப் பதில் அடுத்த பருவத்தில் ஆறு ராணிகள் அனுப்புவதாக எழுதினார். செத்தவற்றைப் பிரித்த அன்றே, பொதியில் வைத்தபடியே, தேதியோடு படம் எடுத்திருந்ததால்தான் அந்த அளவுக்காவது இறங்கி வந்தார். ராணி வேண்டாம், பணமாகத் தாருங்கள் என்று பதில் போட்டிருக்கிறேன். ஆண் தேனீ முட்டைகள் மட்டும் இட்ட இரண்டைப் பற்றி அவர் பேசவே மறுக்கிறார், வெப்பப் பதிவு இருக்கிறதா என்று மட்டும் கேட்கிறார்.